சோலாருக்கு முன்னால் ஒரு கணக்கு: வீட்டிலும் சிறு பட்டறையிலும் மின்சாரத்தைக் குறைக்கும் வழி

மொட்டை மாடியில் சோலார் போடலாமா என்று யார் கேட்டாலும், இப்போது எந்தச் சாமான் எவ்வளவு இழுக்கிறது என்று தெரியுமா என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலானவர்களுக்குப் பில் தொகை தெரியும், யூனிட் தெரியாது. யூனிட் தெரிந்தவர்களுக்கும் அது எங்கே போகிறது என்று தெரியாது. இந்த நிலையில் சோலார் போட்டால், வீணாகிற மின்சாரத்துக்கும் சேர்த்தே பேனல் வாங்குவீர்கள். அதனால் முதலில் அளந்து பாருங்கள், பிறகு குறையுங்கள், சோலாரைக் கடைசியில் பார்க்கலாம். இந்த வரிசை முக்கியம்.

தமிழ்நாட்டில் இருக்கும் ஒரு சாதாரண வீட்டையும், ஐந்து பத்து பேர் வேலை பார்க்கும் லேத் பட்டறை அல்லது ஃபேப்ரிகேஷன் ஷெட்டையும் மனதில் வைத்து எழுதுகிறேன். தேவையான சாமான்கள் குறைவு. கடந்த ஒரு வருடத்துப் பில்கள், ஒரு நோட்டு, ஸ்டாப்வாட்ச் உள்ள செல்போன் இருந்தால் வீட்டுக்குப் போதும். பட்டறைக்கு ஒரு டாங் டெஸ்டரும் (கம்பியைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கருவி) ஒரு கிண்ணம் சோப்புத் தண்ணீரும் கூடுதலாக வேண்டும்.

முதல் வேலை: பில்லைப் படிப்பது

வீட்டுப் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது, ஆக வருடத்துக்கு ஆறு. ரூபாயை விட்டுவிட்டு யூனிட்டை மட்டும் வரிசையாக எழுதுங்கள். மார்கழி, தை மாதப் பில்லுக்கும் சித்திரை, வைகாசிப் பில்லுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் ஏசியும் ஃபேனும்தான். வித்தியாசமே இல்லாமல் வருடம் முழுக்க ஒரே மாதிரி உயரமாக இருந்தால், ஏதோ ஒன்று இரவும் பகலும் இழுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

அடுத்து 500 யூனிட் எல்லையைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 510 யூனிட் ஓடியிருந்தால் 2,030 ரூபாய். பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்குக் கிடைத்த மலிவு விலை போய்விடுவதுதான் காரணம். அதன் பிறகு விலைகள் மாறியிருக்கின்றன, இனியும் மாறும். அதனால் உங்கள் கடைசிப் பில்லில் இருக்கும் விலையை வைத்தே கணக்குப் போடுங்கள். 520, 540 என்று வந்துகொண்டிருக்கும் வீட்டுக்கு, சின்னதாக ஒரு மாற்றம் செய்தாலே நல்ல பலன் தெரியும்.

பட்டறைப் பில்லில் வேறு மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். ஒன்று, எந்த டேரிஃபில், அதாவது எந்தக் கட்டணப் பிரிவில் இருக்கிறீர்கள் என்பது. 12 கிலோவாட்டுக்குள் இருக்கும் குடிசைத் தொழில், குறுந்தொழில் இணைப்புகளுக்குத் தனி டேரிஃப் உண்டு. தகுதி இருந்தும் அதில் இல்லையா என்று பாருங்கள். இரண்டாவது, அனுமதி வாங்கிய லோடு. நிலைக்கட்டணம் அந்தக் கிலோவாட் கணக்கில்தான் வரும். மெஷினை விற்று நாலு வருடம் ஆகியிருக்கும், அதற்காக வாங்கிய லோடு மட்டும் பில்லில் அப்படியே உட்கார்ந்திருக்கும். லோடைக் குறைக்க விண்ணப்பம் கொடுத்தால் போதும். மூன்றாவது, பவர் ஃபேக்டர், அதாவது இழுக்கும் கரண்டில் எவ்வளவு உண்மையில் வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதம். தாழ்வழுத்தத் தொழில் இணைப்பில் அது 0.85-க்குக் கீழே போனால் தனியாக ஒரு தொகை ஏறும்.

மீட்டரின் சிவப்பு விளக்கு

எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சிறிய சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். பக்கத்திலேயே 3200 அல்லது 1600 என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். ஒரு யூனிட் ஓட அந்த விளக்கு எத்தனை முறை எரியும் என்பது அந்த எண். இது ஒன்றை வைத்தே வீட்டில் ஓடும் லோடை வாட் கணக்கில் சொல்லிவிடலாம்.

36,00,000-ஐ மீட்டரில் உள்ள எண்ணால் வகுத்து, வருவதை விளக்கு ஒருமுறை எரிந்து மறுமுறை எரிவதற்கு இடையிலான விநாடிகளால் வகுக்க வேண்டும். 3200 மீட்டர் என்றால் இன்னும் எளிது: 1125-ஐ விநாடியால் வகுத்தால் வாட். பத்து விநாடிக்கு ஒருமுறை எரிந்தால் 112 வாட்.

இதை இரவு படுக்கப்போகும் முன் செய்து பாருங்கள். விளக்கு, ஃபேன், ஏசி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் பிளக்கையும் பத்து நிமிடம் எடுத்துவிடுங்கள். இப்போதும் மீட்டர் விளக்கு பத்து விநாடிக்கு ஒருமுறை எரிந்தால், யாரும் எதையும் உபயோகிக்காமலே இரண்டு மாதத்துக்குச் சுமார் 160 யூனிட் போய்க்கொண்டிருக்கிறது. வழக்கமான குற்றவாளிகள்: பேட்டரி வயதாகிப்போன யூபிஎஸ் இன்வெர்ட்டர் (பேட்டரி நிறையவே நிறையாது, சார்ஜர் ஓயாமல் ஓடும்), ரிமோட்டில் மட்டும் அணைத்த டிவியும் செட்டாப் பாக்ஸும், கழற்றாத கம்ப்யூட்டர் யூபிஎஸ். எம்சிபி-யை (மெயின் போர்டில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தால் எந்த லைனில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். எல்லா எம்சிபி-யையும் இறக்கிய பிறகும் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால், நீங்கள் மேற்கொண்டு நோண்ட வேண்டாம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஒயரிங்கில் எர்த் லீக்கேஜ், அதாவது கரண்ட் தரைக்குக் கசிவது, இருக்கலாம்.

இதே முறையில் ஒவ்வொரு சாமானையும் தனியாக ஓடவிட்டு அளந்து நோட்டில் எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

வீட்டில் எதை மாற்றுவது

அளந்து முடித்ததும் ஒரு விஷயம் தெரியவரும். சத்தம் போடுகிற சாமான் எல்லாம் நிறையச் சாப்பிடுகிற சாமான் இல்லை. 750 வாட் மிக்ஸி தினமும் பத்து நிமிடம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு ஏழரை யூனிட்தான். மிக்ஸி போடும்போதெல்லாம் "கரண்ட் பில்லு!" என்று கத்தும் வீட்டுப் பெரியவர்களிடம் இந்தக் கணக்கைக் காட்டலாம். காட்டினாலும் கத்துவார்கள் என்பது வேறு விஷயம்.

உண்மையில் சாப்பிடுவது ஃபேன். பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும். எலக்ட்ரானிக் போர்டால் இயங்கும் புது வகை மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். மூன்று ஃபேன்கள் நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும் வீட்டில், மாற்றினால் இரண்டு மாதத்துக்கு 120 யூனிட் குறையும். நம் ஊரில் ஃபேன் வருடம் முழுக்க ஓடுவதால், வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது இதுதான் என்பேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. அதிக நேரம் ஓடுவதிலிருந்து ஆரம்பியுங்கள். மாட்டும்போது ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது: பழைய சுவர் ரெகுலேட்டரைச் சர்க்யூட்டிலிருந்து எடுத்துவிட்டு நேர் சப்ளை கொடுக்க வேண்டும். ரெகுலேட்டர் வழியாகக் கொடுத்தால் ஃபேனின் உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு சீக்கிரம் போய்விடும். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம் என்பதால், கடையில் லேபிளைப் பார்த்தே வாங்கலாம்.

ஏசிக்கு 24 டிகிரி. 2020-இலிருந்து ஸ்டார் லேபிள் உள்ள ஏசிகள் அந்த எண்ணில்தான் ஆன் ஆகும், அதைக் குறைப்பது நாம்தான். ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் சொல்லும் கணக்கு. 26 வைத்து மேலே பிஎல்டிசி ஃபேனைப் போட்டால் பெரும்பாலான இரவுகளுக்குப் போதும். ஃபில்டரை மாதம் ஒருமுறை கழுவுங்கள்.

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு ரூபாய் நோட்டைச் செருகிக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கேஸ்கெட்டை, அதாவது கதவோர ரப்பரை, மாற்ற வேண்டும். கீசரைக் காலையில் போட்டு மத்தியானம் வரை மறந்துவிடும் வீடுகளில் ஒரு டைமர் சுவிட்ச் வேலையை முடித்துவிடும். ஒரு பக்கெட் குளியலுக்குத் தேவை ஏறக்குறைய 0.3 யூனிட்தான், மீதி எல்லாம் டேங்க் ஆறி ஆறி மறுபடி சூடாகும் செலவு.

மோட்டாரையும் கவனியுங்கள். மேல்தொட்டி நிறைய எத்தனை நிமிடம் என்று எழுதி வையுங்கள். 25 நிமிடத்தில் நிறைந்தது 40 நிமிடம் ஆனால் ஃபுட் வால்வு (உறிஞ்சும் குழாயின் அடி வால்வு), இம்பெல்லர் (மோட்டாருக்குள் தண்ணீரைத் தள்ளும் சக்கரம்), குழாய் அடைப்பு என்று வரிசையாகப் பார்க்கலாம்.

எல்.இ.டி. பல்புக்கு எல்லோரும் மாறியாகிவிட்டது. எங்காவது பழைய சோக் வைத்த டியூப் லைட் மிச்சம் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அப்புறம், பிளக்கில் செருகினால் பில் பாதியாகும் என்று விற்கிற "பவர் சேவர்" டப்பாவை வாங்காதீர்கள். அதன் உள்ளே இருப்பது ஒரு சின்ன கெபாசிட்டர். வீட்டு மீட்டர் யூனிட்டுக்கு மட்டும்தான் காசு கணக்கிடுகிறது. அந்தக் கெபாசிட்டர் யூனிட்டைக் குறைக்காது.

பட்டறையில்: கம்ப்ரஸரிலிருந்து தொடங்குங்கள்

பட்டறைக்காரர்கள் லேத்தையும் வெல்டிங் செட்டையும்தான் சந்தேகப்படுவார்கள். மூலையில் ஓடும் கம்ப்ரஸரை யாரும் பார்ப்பதில்லை. பட்டறையில் இருக்கும் ஆற்றல் வடிவங்களிலேயே விலை கூடியது அழுத்தக் காற்று. கம்ப்ரஸருக்குள் போகும் மின்சாரத்தில் பத்து, பதினைந்து சதவீதம்தான் கருவியின் முனையில் வேலையாக வெளிவரும். மற்றது சூடாகிக் காற்றில் போகிறது. அப்படித் தயாரித்த காற்று, ஹோஸ் கிளிப்பிலும் கப்ளரிலும் கசிந்தும் போகிறது. கவனிக்காமல் விட்ட பட்டறையில் கசிவு மட்டும் 20 முதல் 30 சதவீதம் இருப்பது சகஜம்.

கசிவை அளக்க எந்த மெஷினும் காற்றை எடுக்கக் கூடாது. சாயங்காலம் வேலை முடிந்த பிறகு செய்யலாம். ஆயுத பூஜைக்கு எல்லாவற்றையும் நிறுத்தித் துடைக்கிற நாள் இன்னும் வசதி. கம்ப்ரஸரை ஓடவிட்டு, டேங்க் நிறைந்து தானாக நிற்கும் வரை காத்திருங்கள். நின்றதிலிருந்து மறுபடி ஓடத் தொடங்கும் வரை எத்தனை விநாடி, ஓடத் தொடங்கியதிலிருந்து நிற்கும் வரை எத்தனை விநாடி என்று நாலைந்து சுற்று குறித்துச் சராசரி எடுங்கள். ஓடிய நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவின் பங்கு வந்துவிடும்.

உதாரணமாக, 90 விநாடி ஓடி 210 விநாடி நிற்கிறது என்றால் 300-க்கு 90, அதாவது 30 சதவீதம். 10 ஹெச்.பி. கம்ப்ரஸர் ஓடும்போது எட்டரைக் கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் 30 சதவீதம் இரண்டரைக் கிலோவாட். நாளுக்குப் பத்து மணி நேரம், மாதம் 25 நாள் என்றால் 630 யூனிட்டுக்கு மேல். யூனிட் 8 ரூபாய் என்றாலும் மாதம் 5,000 ரூபாய், யாருக்கும் பயன்படாத காற்றுக்காக.

கசியும் இடத்தைக் கண்டுபிடிக்கச் சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் போதும். லைனில் அழுத்தம் இருக்கும்போதே ஒவ்வொரு இணைப்பிலும் தடவுங்கள், நுரை வந்த இடத்தில் சாக்பீஸால் குறியிடுங்கள். குவிக் கப்ளர், ஹோஸ் கிளிப், ஃபில்டர் ரெகுலேட்டர் கிண்ணம், டேங்கின் அடியில் உள்ள ட்ரெயின் வால்வு ஆகிய நாலு இடங்களில்தான் முக்கால்வாசி இருக்கும். பிறகு லைனின் அழுத்தத்தை முழுதாக இறக்கிவிட்டுச் சரிசெய்யுங்கள். காற்று இருக்கும்போது கப்ளரைக் கழற்றினால் ஹோஸ் அடித்து முகம் கிழியும். சரிசெய்ததும் அதே சோதனையை மறுபடி செய்து, முன்னும் பின்னும் வந்த எண்ணைக் கம்ப்ரஸர் மேலேயே பெயின்ட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்துச் சோதிப்பவருக்கு அது உதவும்.

அடுத்து அழுத்தம். தேவை 6 பார் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) என்றாலும் எதற்கும் இருக்கட்டும் என்று 8 பாரில் வைத்திருப்பார்கள். ஒரு பார் இறக்கினால் மின்சாரம் ஆறேழு சதவீதம் குறையும், கசிவும் கூடவே குறையும். அரை பார் அரை பாராக இறக்கி, எந்தக் கருவி முதலில் திணறுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் குறை ஒரு மெலிந்த குழாயில் இருக்கும். அந்த ஒரு குழாயை மாற்றினால் எல்லோருக்குமான அழுத்தத்தைக் குறைக்கலாம். கம்ப்ரஸர் உறிஞ்சும் காற்று வெப்பமாக இருந்தாலும் செலவு கூடும். 4 டிகிரிக்குச் சுமார் ஒரு சதவீதம். தகரக் கூரைக்குக் கீழே, ஃபர்னஸுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் வெளியே நிழலுக்கு நகர்த்துங்கள்.

ஏர் கன்னால் சட்டைத் தூசியைத் தட்டுவதும், மெஷினில் இருக்கும் பிசிறை ஊதித் தள்ளுவதும் பழகிப்போன கெட்ட பழக்கம். கண்ணுக்கும் ஆபத்து, காசுக்கும் கேடு. ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு பிரஷ் கட்டித் தொங்கவிடுங்கள்.

மோட்டாரும் கெபாசிட்டரும்

ஒரு 5 ஹெச்.பி. மோட்டார் முழு லோடில் நாளுக்குப் பத்து மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் ஓடினால் 12,000 யூனிட்டைத் தாண்டும். எட்டு ரூபாய்க் கணக்கில் வருடம் ஒரு லட்ச ரூபாய் மின்சாரம். மோட்டாரின் விலை அதில் சிறு பங்குதான். அப்படியிருந்தும் வாங்கும்போது இரண்டாயிரம் ரூபாய்க்குப் பேரம் பேசிவிட்டுப் பெயர்ப்பலகையைப் பார்க்காமல் வந்துவிடுகிறோம். பலகையில் ஐஇ2, ஐஇ3 என்று இருக்கும். எண் கூடக் கூட வீண் குறைவு. நாள் முழுக்க ஓடும் மோட்டாருக்கு ஐஇ3 வாங்குங்கள். தினம் அரை மணி நேரம் ஓடுவதற்கு அந்தக் கவலையே வேண்டாம்.

காயில் எரிந்த மோட்டாரை ரீவைண்டிங் செய்வது தவறில்லை. ஆனால் பழைய காயிலை எடுக்க அடுப்பில் வாட்டும்போது கோர், அதாவது காயில் சுற்றியிருக்கும் இரும்புப் பகுதி, கெட்டுப்போகும், கம்பியின் கேஜ் மாறினாலும் திறன் குறையும். மூன்றாவது முறை ரீவைண்டிங்குக்குப் போகிற மோட்டாரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்பது என் கட்சி.

டாங் டெஸ்டரை ஒவ்வொரு ஃபேஸிலும் மாட்டி ஆம்பியரைப் பெயர்ப்பலகையோடு ஒப்பிடுங்கள். மூன்று ஃபேஸும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். எப்போதும் பாதிக்குக் கீழேயே ஓடும் மோட்டார், வேலைக்கு மீறிய பெரிய மோட்டார். அதுதான் பவர் ஃபேக்டரையும் கெடுக்கிறது. கெபாசிட்டர் போட்டால் அபராதத் தொகை நிற்கும், கேபிள் சூடும் குறையும்; மோட்டார் உண்ணும் யூனிட் பெரிதாகக் குறையாது. எவ்வளவு கேவிஏஆர் (கெபாசிட்டரின் அளவு) என்பதை எலக்ட்ரீஷியன் கணக்கிட்டுச் சொல்லட்டும், அளவுக்கு மேல் போடுவதும் கெடுதல்தான்.

பெரிய ப்ளோயர் அல்லது பம்பின் வாயில் வால்வைப் பாதி மூடி ஓட்டுகிறீர்களா? அந்த இடத்துக்கு மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி பொருத்தமானது. வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகும். லேத் போன்றவற்றுக்கு இதே கணக்கு பொருந்தாது, சேல்ஸ்மேன் பொருந்தும் என்று சொன்னாலும்.

பெரிய பட்டறையாக இருந்தால் எரிசக்தித் தணிக்கையாளரைக் கூப்பிடலாம். தணிக்கைச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தர மாநில அரசின் குறு, சிறு தொழில் துறையில் பீஸ் (PEACE) என்றொரு திட்டம் உண்டு. உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் விவரம் கேளுங்கள்.

இப்போது சோலார்

தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. மாடியில் நிழலில்லாத 100 சதுர அடி வேண்டும். 600 யூனிட் ஓடிய வீடு, மேலே சொன்னவற்றைச் செய்து 400-க்கு வந்திருந்தால் 3 கிலோவாட் தேவையில்லை, 2 போதும். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் இருக்கும் வீட்டுக்கு நான் சோலாரைப் பரிந்துரைக்க மாட்டேன். இலவச யூனிட்டும் மலிவு விலையும் போக மிச்சமாகும் தொகை மிகக் குறைவு, போட்ட காசு திரும்ப வெகுகாலம் ஆகும்.

2024-இல் தொடங்கிய பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் வீடுகளுக்கு மானியம் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2-க்கு 60,000, 3-க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய். தேசிய இணையதளத்தில் விண்ணப்பித்து, பதிவு பெற்ற நிறுவனத்தின் மூலம், உள்நாட்டில் தயாரித்த டிசிஆர் பேனல் போட்டிருக்க வேண்டும். வேலை முடிந்து ஆய்வும் ஆன பிறகே பணம் வங்கிக் கணக்குக்கு வரும், ஆகவே முழுத் தொகையையும் முதலில் புரட்டிக்கொள்ள வேண்டும். இந்த மானியம் பட்டறைக்குக் கிடையாது. மீதி மின்சாரத்தைக் கணக்கிடும் முறையும் பட்டறை இணைப்புக்கு வேறு, அதனால் கொட்டேஷன் வாங்கும் முன்பே மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இடம் பார்க்கும்போது காலை 9 மணி, மாலை 3 மணி நிழலைப் பாருங்கள். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்வதால் நிழல் நீளும். பக்கத்து வீட்டுத் தென்னை அப்போதுதான் தொல்லை கொடுக்கும். ஒரு பேனலில் ஒரு மூலை நிழலானாலும் அதோடு சேர்ந்த வரிசையின் உற்பத்தி விழும். பேனல் தெற்குப் பார்த்து, உங்கள் ஊர் அட்சரேகை அளவுக்குச் சாய்ந்திருக்கட்டும்: சென்னைக்கு 13 டிகிரி, கோவைக்கு 11. மாடியில் நடமாட வேண்டும் என்று உயரமான ஸ்டாண்ட் கேட்பவர்கள் காற்றையும் யோசிக்க வேண்டும். வர்தாவும் கஜாவும் எந்த ஊரை எப்படிப் பிடுங்கின என்று நமக்குத் தெரியும். கடற்கரை ஊர் என்றால் ஸ்டாண்ட் முழுவதும் கால்வனைஸ் செய்ததா, போல்ட் துருப்பிடிக்காததா என்று கேளுங்கள்.

சாதாரண ஆன்-கிரிட் சோலார், அதாவது பேட்டரி இல்லாமல் வாரிய லைனோடு இணைந்தது, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை செய்யும் ஊழியரின் பாதுகாப்புக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். கரண்ட் போகும்போதும் வேண்டும் என்றால் பேட்டரியோடு ஹைப்ரிட் போட வேண்டும், செலவு நன்றாகவே ஏறும்.

பேனலை விடியற்காலையில் துடையுங்கள். போர் உப்புத் தண்ணீரை ஊற்றிக் காயவிட்டால் கண்ணாடியில் வெள்ளைப் படலம் பிடிக்கும், பிறகு போகாது. நெட் மீட்டர் (எடுப்பதையும் கொடுப்பதையும் அளக்கும் மீட்டர்) மாட்டிய பிறகு வரும் முதல் பில்லில், வாரியத்திடமிருந்து எடுத்த யூனிட்டும் நீங்கள் கொடுத்த யூனிட்டும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அடுத்த பில் வரை காத்திருக்காமல் அந்த வாரமே பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.